எனக்குப் பிடிக்காத காவியம்

தோழிகளே, நேற்று நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி விடாமல் எல்லோரும் அழுதிருக்கிறீர்கள். கண்ணீர் வடிக்கும் அந்த மஞ்சள் உருண்டை முகத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. நம் சின்ன வயதில் வந்த அந்தப் படத்தைத் துடைத்து மெருகேற்றி, புதுச் சத்தம் சேர்த்து, அடுத்த வெள்ளிக்கிழமை நம் ஊரில் மறுபடியும் போடுகிறார்களாம். எல்லோரும் சேர்ந்து போக வேண்டுமாம். பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பவள் ஆளுக்கொரு கைக்குட்டை வாங்கித் தருகிறாளாம். கிளாஸ் லீடராக இருந்தவளோ, “இந்தக் காலத்துல இப்படி ஒரு காவியம் வருமாடி?” என்று கேட்டு வைத்திருக்கிறாள்.

வராது. வரவும் வேண்டாம். எனக்கு அந்தப் படம் பத்து வயதிலும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் பாதிப் பேர் அதன் பாட்டைப் பாட ஆரம்பித்துவிடுவீர்கள்.

உடனே நான் சினிமாவே பிடிக்காதவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போகிற மாறுவேடப் படங்களை நான் மனமார ரசித்திருக்கிறேன். தங்கைக்காக அண்ணன் ஜெயிலுக்குப் போகிற படத்தை ஏழு முறை பார்த்தேன். ஏழு முறையும் எனக்குப் பாவமாக இருந்தது போலீஸ்காரர்தான். மூன்று மணி நேரமாக ஊரே அவரிடம் உண்மையை மறைக்கிறது, கடைசியில் அவரையே எல்லோரும் திட்டுகிறார்கள். காமெடி நடிகர் கதவில் மண்டையை இடித்துக்கொண்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். சினிமாவைப் பற்றி என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் யோசித்து வரவும்.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கு ஒரு நடிகர், அடுத்த தெருவுக்கு வேறொரு நடிகர். இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அங்கே குடம் உருண்டால்கூட நடிகர் பெயரைச் சொல்லித்தான் உருளும். எங்கள் தெரு ரசிகர் மன்றத்துக்கு என் அப்பா தலைவர். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை வரும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிய அடுத்த நிமிடம் எதிர்வீட்டு மன்றத்தில் இருப்பார். அது சொல்தா பெரியவர் வீட்டின் முன்னறை. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அன்றைக்குச் சொல்தா என்றுதானே சொல்வோம். எந்தெந்த நாட்டிலோ துப்பாக்கி பிடித்தவர், கதாநாயகி தும்மினால்கூட மூக்கைச் சிந்துவார்.

மன்றத்தின் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. புதுப் படம் வந்தால் மன்றத்துக்காரர்கள் பார்த்துவிட்டு வந்து கூடிப் பேசி, படம் எப்படி என்று அதில் எழுதுவார்கள். விடியற்காலையில், பால் வாங்கப் போகிறவர்கள் கண்ணில் படும்படி எழுதிவிட வேண்டும். பலகையில் வந்ததுதான் தெருவின் கருத்து. அதற்கு மாறாக நீங்கள் வீட்டுக்குள் கூடப் பேச முடியாது. எழுதுகிறவள் நான். மன்றத்தில் இருந்த அத்தனை ஆண்களின் எழுத்தும் கோழி கிளறியது மாதிரி இருந்ததால், முத்து முத்தாக எழுதுகிறாள் என்று என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். செயலாளர் அண்ணன் ஒரு சீட்டில் கிறுக்கித் தருவார். நான் ஸ்டூலில் ஏறி நின்று வண்ணச் சாக்பீசால் எழுதுவேன். தெருப் பெண்களையும் படத்துக்கு அழைத்துப் போவார்கள். எப்படி இருந்தது என்று அவர்களை யாரும் கேட்டது கிடையாது.

தீபாவளிக்கு முந்தின மழையில் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு தகரப் பெட்டியோடு நனைந்துகொண்டு வாசலில் நின்றாள். இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு புதிதாகப் பளபளத்தது. கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். கஞ்சி முக்கோணமாகவா கொட்டும்? இஸ்திரிப் பெட்டியின் மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தாலும் கேட்கக் கூடாது என்பதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது மேலே இரண்டு சேலை, கீழே முழுக்கப் பாட்டுப் புத்தகங்கள். உங்களுக்கு நினைவிருக்கும். சாணித்தாளில் ரோஸ் கலரில் அச்சடித்து, சினிமாக் கொட்டாய் வாசலில் கூவி விற்பார்கள். கதையைப் பாதி சொல்லிவிட்டு, மீதியைத் திரையில் பார் என்று நிறுத்திவிடுவார்கள். தொட்டால் விரலில் மை ஒட்டும். அத்தை அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, இடையில் வேப்பிலை போட்டு வைத்திருந்தாள்.

நானும் அவளும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சண்டை போடுவோம். எனக்குப் பிடித்த கத்திச்சண்டைக்காரரை அவளுக்குப் பிடிக்காது.

“அந்தாளு கத்தியவா பாக்கறான்? கண்ணாடிய இல்ல பாக்கறான்” என்பாள்.

“ஒனக்குப் புடிச்ச ஆளு மட்டும் இன்னாவாம்? மரத்தச் சுத்தி ஓடறதுக்குள்ள மூச்சு வாங்குது” என்பேன்.

ஒருநாள் கேட்டேன், “அத்த, கதாநாயகிங்கள்ல யாரு ஒசத்தி?” என்று. அவள் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள், “எல்லாம் ஒண்ணுதான் பாப்பா. எல்லாப் படத்துலயும் பொம்பளைக்கு ஒரே வேல. கதவப் புடிச்சிக்கினு நிக்கிறது.” அதற்கப்புறம் எந்தப் படத்துக்குப் போனாலும் நான் கதவைத்தான் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அழ வேண்டிய இடம் வந்தால் ஒரு கதவைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

நம் காவியம் அந்தத் தீபாவளிக்கு வந்ததுதான். கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கல்யாணமான மறுவருஷமே புருஷன் வேறொருத்தியோடு போய்விடுகிறான். இவள் வாசலில் தினமும் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள். நடுவில் அவன் வருவான், இவள் நகையைப் பிடுங்குவான், கீழே தள்ளுவான், போவான். கடைசியில் நோயோடு திரும்புகிறான். இவள் தன் உயிரைக் கொடுத்து அவனைப் பிழைக்க வைத்துவிட்டு, அவன் பாதத்தில் தலையை வைத்துச் செத்துப்போகிறாள். அவன், நீ பெண்ணல்ல தெய்வம் என்கிற மாதிரி ஏதோ சொல்வான். அவ்வளவுதான் படம். இதற்கு அழாதவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் என்று ஊரே பேசியது. அப்பா முதல் நாளே பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார். அதை நான் கேலி செய்யவில்லை.

இரண்டாவது வாரம் மன்றத்தார் ஒரு பகல் காட்சியை முழுசாகப் பேசிப் பெண்களுக்கென்று எடுத்தார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. மூன்று தெருப் பெண்கள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். கொட்டாய் வாசலில் ஆளுக்கு மஞ்சள் குங்குமமும் ஒரு முழம் பூவும் கொடுத்தார்கள். சொல்தா பெரியவர் பன்னீர் தெளித்துக்கொண்டு, வாங்குகிற ஒவ்வொருத்திக்கும் பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி சொன்னார். பெண்ணாகப் பிறந்தவள் எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இந்தப் படம் போதும் என்று செயலாளர் அண்ணன் வாசலில் நின்று பேசினார். அப்போது அப்பாவின் கண் அத்தை மேல் இருந்ததை நான் பார்த்தேன். மூன்று தெருவும் யாருக்காகக் கொட்டாய்க்கு வந்தது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஒருத்திக்காகத்தான் வந்தது.

உள்ளே ஈரச்சேலையும் கனகாம்பரமும் கடலைத்தோலும் கலந்த வாசனை. அத்தை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. இடைவேளையில் முறுக்கு வேண்டாம் என்றாள். கடைசி ரீல் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அடித்த அடியில் திரையில் பேசுவது ஒரு எழுத்தும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, எல்லோருக்கும் வசனம் மனப்பாடம். வாயசைவைப் பார்த்தே ஓவென்று அழுதார்கள். கதாநாயகி தவழ்ந்து போய் அவன் காலைப் பிடித்தபோது, அத்தை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, திரையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

“ஏந்திரிச்சிப் போடி! ஏந்திரிச்சிப் போயேண்டி!”

மழையில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பாள். எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னாள், “ஒங்க தங்கச்சி படம் பூரா அழுதுச்சிங்க. மனசு கரைஞ்சிபோச்சி.” அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்கே மாமாவுக்கு, அதாவது அத்தையின் புருஷனுக்கு, கடிதம் எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். படத்தைப் பார்த்துத் தங்கை மனம் திருந்திவிட்டாள், மார்கழி பிறப்பதற்குள் வந்து அழைத்துப் போகவும். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். “இன்னாம்மா, சரிதான?” என்று கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. கூட வந்திருந்த செயலாளர் அண்ணன், “பொம்பளைங்க சரின்னா அப்பிடித்தான் சொல்லுவாங்க தலைவரே” என்றார். கடிதம் தபால் பெட்டிக்குப் போய்விட்டது.

மாமா வருவதாகச் சொன்ன நாளும் படத்தின் ஐம்பதாவது நாளும் ஒரே நாளாக அமைந்தன. அப்பாவுக்கு அது தெய்வச் செயலாகத் தோன்றியது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அத்தை பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். பாட்டுப் புத்தகங்களை எல்லாம் கயிற்றால் கட்டி என் முன்னால் வைத்தாள்.

“நீ வச்சிக்க பாப்பா.”

“ஏன் அத்த? நீ அங்க படிக்க மாட்டியா?”

“போன தடவ வாங்கனதெல்லாம் அடுப்புல போட்டுட்டாரு. எடுக்கப் போனதுக்கு இஸ்திரிப் பொட்டிய வச்சிட்டாரு, அதான் இது.” தழும்பை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். “இதாவது மிஞ்சட்டும். வேப்பிலய மட்டும் மாசாமாசம் மாத்திடு.”

அவளுக்குப் பயமாக இருந்தது, தோழிகளே. அதை அவள் மறைக்கவும் இல்லை. போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். போகமாட்டேன் என்று சொல்ல, அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சாக்பீசை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனேன். செயலாளர் அண்ணனின் சீட்டு என் கையில் இருந்தது. ‘ஐம்பதாவது நாள். பெண்குலத்தின் பெருமை சொல்லும் காவியம். ஒவ்வொரு மனைவியும் பார்த்துத் திருந்த வேண்டிய படம்.’ ஸ்டூலில் ஏறினேன். முதல் இரண்டு வார்த்தையைச் சீட்டில் உள்ளபடி எழுதினேன். அதற்கு மேல் என் கை சீட்டைப் பார்க்கவில்லை.

‘ஐம்பதாவது நாள். படம் பொய். அந்த அம்மா எழுந்து போயிருக்க வேண்டும். செத்திருக்கக் கூடாது.’

‘கூடாது’ என்பதற்கு அடியில் சிவப்பில் ஒரு கோடும் போட்டேன்.

பால் வாங்க வந்த முதல் ஆளே சொம்பைக் கீழே வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் தெருவே அங்கே நின்றது. செயலாளர் அண்ணன், “இது அடுத்த தெருக்காரனுங்க வேல!” என்று கத்திக்கொண்டு இளவட்டங்களோடு கிளம்பிவிட்டார். குழாயடியில் அந்தத் தெருக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அடுத்த தெரு மன்றத் தலைவர் தன் நடிகரின் படத்தைச் சட்டத்தோடு தூக்கி வந்து, அதன் முன்னால் கற்பூரம் ஏற்றி, “எங்க தலைவர் மேல சத்தியம். நாங்க எழுதல” என்றார். தலைவர் மேல் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே இன்னும் குழப்பமாகிவிட்டது. இருந்தாலும் சைக்கிள் செயினைச் சுழற்றியவர்கள் சுழற்றிக்கொண்டே இருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அது என் கையெழுத்து என்று அந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கையெழுத்து என்னுடையது, கருத்து எவனோ ஒருவனுடையது என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். பயத்தைவிட அந்தக் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

“நான்தான் எழுதுனேன்” என்றேன்.

“அது தெரியிதுடி. யாரு எழுதச் சொன்னது?” என்றார் செயலாளர் அண்ணன்.

“யாரும் சொல்லல. படம் நல்லால்ல. எனக்குப் புடிக்கல.”

அப்பா என்னை அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே இல்லை. கன்னத்தில் இரும்பு வாசனை அடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வரவில்லை. “அழிச்சிட்டு, எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேளு” என்றார். மாட்டேன் என்றேன். அவரே ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து மாமா குடையோடு தெருமுனையில் திரும்பினார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பலகைக்கு வந்து நின்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இன்னா மச்சான் இது? வரச் சொல்லி லெட்டர் போட்டுட்டு, பொடிப்பொண்ண வச்சி என்ன அசிங்கப்படுத்துறீங்களா?”

அப்பா துணியைத் தூக்கினார்.

“அழிக்காதண்ணே.”

அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு இல்லை. கதவைத் தாண்டி, தெருவில் இறங்கி, கூட்டத்துக்கு நடுவே வந்தாள்.

“அவள அடிக்காத. அது நான் சொன்னதுதான். கொட்டாயில சொன்னேன். மழையில ஒங்க யாருக்கும் கேக்கல, அவளுக்குக் கேட்டிருக்கு.” பிறகு மாமாவைப் பார்த்துத் திரும்பினாள். “படத்தப் பாத்து நான் திருந்திட்டேன்னு அண்ணன் எழுதுனாருல்ல? நானும் முழுசாப் பாத்தேன். எனக்கும் புடிக்கல. நான் வரல.”

ஒரு சினிமா பிடிக்கவில்லை என்று சொல்லி யாராவது தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாமா கத்தினார், குடையால் தரையைக் குத்தினார். செயலாளர் அண்ணன் சமாதானம் பேசப் போனார். அத்தை சேலைத் தலைப்பை விலக்கி முழங்கையைக் கூட்டத்துக்குக் காட்டினாள். முக்கோணத்தை எல்லோரும் பார்த்தார்கள். சொல்தா பெரியவர்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா ஈரத்துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். பலகையை அவர் அழிக்கவில்லை. மத்தியானம் வேறு யாரோ அழித்தார்கள்.

அதற்கப்புறம் என்னிடமிருந்து சாக்பீசைப் பிடுங்கிக்கொண்டார்கள். மன்றப் பலகை மறுபடியும் கோழி கிளறலுக்குப் போய்விட்டது. அப்பாவின் தலைவர் பதவியும் பொங்கலுக்குள் போனது. குடும்பத்தை அடக்கத் தெரியாதவர் என்று தீர்மானம் போட்டார்கள். அத்தை தட்டாஞ்சாவடியில் மருந்துக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிற கம்பெனியில் சேர்ந்தாள். பிறகு கருவடிக்குப்பத்தில் ஒற்றை அறை எடுத்துத் தனியாகப் போனாள். அப்பாவுக்கு அவள் மேல் கோபம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது யோசித்தால் அவருக்குத் தன் மேல்தான் கோபம். பாசம், கோபம், மானம் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கொட்டாய்தான். அது பொய் சொல்லும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து, ஒரு புதுப் படம் வந்தபோது, அவரே கருவடிக்குப்பத்துக்குச் சைக்கிளை மிதித்துப் போய் வாசலில் நின்று கேட்டார், “படம் எப்பிடிம்மா இருந்துச்சி? போலாமா?” என்று. அதற்குப் பிறகு அவளைக் கேட்காமல் அவர் எந்தப் படத்துக்கும் போனதில்லை.

அந்தக் காலம் அப்படி, அதை அந்தக் காலத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள். தெரியும். அந்தக் காலத்தில் நானும்தான் இருந்தேன். அத்தையும் இருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, அதே படத்தை, அதே நாளில் பார்த்தாள். அவள் கண்ணும் அந்தக் காலத்துக் கண்தான். நீங்கள் அழுத இடத்தில் அவள் கத்தினாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே காலத்தின் தலையில் பழியைப் போட்டுப் பூசி மெழுகாதீர்கள்.

நேற்று உங்கள் செய்திகளைப் படித்துவிட்டு அத்தையைப் பார்க்கப் போனேன். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டாள். பாட்டுப் புத்தகங்கள் கரையானுக்குப் போய்விட்டன, தழும்பு சுருக்கத்துக்குள் மறைந்துவிட்டது. படம் மறுபடி வருகிறது என்று சொன்னேன்.

“அந்தப் படமா?” என்று சிரித்தாள். “அவ இன்னும் அங்கியே கெடக்குறாளா?”

“ஆமா அத்த. புதுசாத் தொடச்சி வச்சிருக்காங்க.”

“போலாம் வா. அன்னிக்கு மழையில அவளுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவ சொல்லிப் பாக்கறேன்.”

அதனால் எங்களுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுங்கள், தோழிகளே. கைக்குட்டை வேண்டாம். ஓரத்து சீட்டாகப் பார்த்து எடுங்கள். அத்தைக்கு முழங்கால் வலி. பாதியில் எழுந்து போக வழி இருக்க வேண்டும்.